ஸ்பீட் பாக் ஒழுங்காக ஓடவில்லையா? அறிகுறி பார்த்துத் திருத்துங்கள்

ஸ்பீட் பாக் என்பது தலைக்கு மேல் கிடையாகப் பொருத்திய பலகைக்குக் கீழே தொங்கும், காற்றடித்த சின்னக் குத்துச்சண்டைப் பாக். அது சரியாக ஓடாவிட்டால் எல்லோரும் முதலில் தங்கள் கையைத்தான் நொந்துகொள்கிறார்கள். பதினான்கு வயதுப் பிள்ளை வந்து "எனக்குக் கை வேகம் பத்தாது அண்ணா" என்று முகம் வாடிச் சொல்லும்போது மனது கேட்பதில்லை. கொட்டாஞ்சேனையில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்து வருகிறேன். இத்தனை வருடத்தில் நான் கண்டது, பல நேரம் கோளாறு கையில் இல்லை, தலைக்கு மேல் இருக்கிறது. பலகை சரிந்திருக்கும், பாக் தொங்கும் சுழல் கொக்கியான ஸ்விவல் இறுகியிருக்கும், காற்று கூடியிருக்கும், பாக் தொங்கும் உயரம் பிழைத்திருக்கும். அதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டுக் கையைத் திருத்தப் போனால், பிழையான பாக்குக்கு ஏற்ற பிழையான அடிதான் பழகும். பிறகு அதை மறக்க வைப்பதற்கு இரண்டு மடங்கு நாள் பிடிக்கும்.

அதனால் கீழே எந்த அறிகுறியையும் பார்ப்பதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்யுங்கள். பாக்கை உங்கள் பக்கமாகத் தூக்கிப் பலகையோடு ஒட்டப் பிடியுங்கள். தள்ளாமல், முறுக்காமல் கையை எடுத்துவிடுங்கள். நல்ல நிலையில் இருக்கும் பாக் ஊஞ்சல் போல ஒரே கோட்டில் பல தடவை ஆடி அடங்கும். வட்டமடித்தாலோ, இரண்டே ஆட்டத்தில் நின்றாலோ குற்றம் சாமானில். நேராக ஆடினால் குற்றம் கையில். ஐந்தாறு தரம் செய்து பாருங்கள், ஒரு தரம் விரல் அறியாமல் முறுக்கியிருக்கக்கூடும்.

கை படாமலே கோணலாக ஆடுகிறது

முதல் சந்தேகம் ஸ்விவல் மேல், அதாவது பலகைக்கும் பாக்குக்கும் நடுவில் இருக்கும் சுழலும் கொக்கி மேல். பாக்கைக் கழற்றிவிட்டுக் கொக்கியை விரலால் ஆட்டிப் பாருங்கள். எல்லாத் திசைக்கும் ஒரே மாதிரி லேசாகப் போக வேண்டும். ஒரு பக்கம் கரகரவென்று பிடித்தால் பாக்கும் அந்தப் பக்கம் போகாமல் விலகும். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கடற்பக்க வீடுகளில் இருப்பவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். ஜன்னல் கம்பியை அரிக்கிற அதே உப்புக்காற்று இதையும் அரிக்கிறது. துருவைத் துணியால் துடைத்து, தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயில் இரண்டு துளி விட்டுச் சுழற்றி, வழிவதைத் துடைத்துவிடுங்கள். பாக்கின் மேல் சொட்டவிடக் கூடாது, எண்ணெய் பட்டால் ரப்பர் கெடும். உள்ளே பந்து வைத்த ஸ்விவலில் அந்தப் பந்து தேய்ந்து கடகடவென்று ஆடினால் எண்ணெய் உதவாது, புதிதாக மாற்ற வேண்டியதுதான். வாங்கும்போது மலிவான 'எஸ்' வடிவக் கொக்கியை எடுக்காதீர்கள் என்பதே என் அபிப்பிராயம். உரசல் அதிகம், சத்தமும் அதிகம். பாக்கில் மிச்சம் பிடித்தாலும் ஸ்விவலில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

அடுத்தது பலகை. அடிப்பக்கத்தில் நீர்மட்டத்தை வைத்து நெடுக்கிலும் குறுக்கிலும் பாருங்கள். மேசன் பாஸிடம் இரவல் வாங்க வசதியில்லாவிட்டால் கைபேசியிலேயே மட்டம் பார்க்கலாம். சரிவு இருந்தால், பலகையைச் சுவரில் பிடித்து வைத்திருக்கும் தாங்கிக்கும் பலகைக்கும் நடுவே மெல்லிய வாஷர் வைத்தால் போதும்.

இரண்டும் சரியென்றால் பாக்கைக் கையில் எடுங்கள். மேல் வளையத்தைப் பிடித்துத் தொங்கவிட்டு மெல்லச் சுழற்றினால் ஒரு பக்கம் புடைத்திருப்பது கண்ணுக்குத் தெரியும். பிளாடரை, அதாவது உள்ளே காற்றைப் பிடித்துவைக்கும் ரப்பர் பையை, மாற்றிய பிறகு இது அடிக்கடி வரும், உள்ளே ரப்பர் மடிந்து கிடக்கும். காற்றை முழுக்க இறக்கி, கயிற்றைத் தளர்த்தி, விரலை விட்டு மடிப்பை நீவிவிட்டு, பாதிக் காற்று அடித்து உருண்டை சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டு மீதியை அடியுங்கள். தையலே கோணலாக வந்த பாக் என்றால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் கடையிலேயே காற்றடித்துக் காட்டச் சொல்லி வாங்க வேண்டும்.

நான் அடித்தால்தான் கோணலாகப் போகிறது

வெண்கட்டியைத் தூளாக்கிக் கைமுஷ்டியில் பூசிக்கொண்டு இருபது அடி அடியுங்கள். பாக்கில் விழும் வெள்ளைத் தடம் எல்லாம் சொல்லிவிடும். தடம் பாக்கின் நடுக்கோட்டில், அகன்ற பகுதியை ஒட்டி ஒரே இடத்தில் விழ வேண்டும். வலது கையின் தடம் வலது ஓரத்தில் இருந்தால் கை வெளியிலிருந்து உள்ளே வீசுகிறது என்று அர்த்தம். முழங்கை பக்கவாட்டில் விரிந்து கிடப்பதுதான் பெரும்பாலும் காரணம். மூக்குக்கு நேரே ஒரு கோடு இருப்பதாக நினைத்து, இரண்டு கையும் அந்தக் கோட்டிலேயே பாக்கைத் தொட வேண்டும்.

தடம் மிகக் கீழே, பாக்கின் அடியில் விழுந்தால் பாக் உயரமாகத் தொங்குகிறது. மேலே, கழுத்துப் பக்கம் விழுந்தால் தாழ்வாகத் தொங்குகிறது. பாக்கின் அகன்ற பகுதி உங்கள் வாய்க்கும் நாடிக்கும் நேரே வரட்டும். ஒரே பாக்கை அப்பாவும் பிள்ளையும் பாவிக்கும் வீடுகளில், உயரமானவருக்கு ஏற்றபடி பொருத்திவிட்டு, பிள்ளைக்கு ஆடாத அகலமான மரப்படி ஒன்று செய்து கொடுங்கள். பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டாம், வழுக்கி விழும்.

நிற்கும் விதத்தையும் பாருங்கள். சண்டைக்கு நிற்பதுபோல ஒரு தோளை முன்னே விட்டு நின்றால் ஒரு கைக்குப் பாக் கிட்டவும் மற்றக் கைக்கு எட்டவும் இருக்கும். பழகும் காலத்தில் பாக்குக்கு நேர் முகமாக, கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து நில்லுங்கள்.

நாலைந்து அடிக்கு மேல் தொடர முடியவில்லை

இதற்காகத்தான் அதிகம் பேர் ஸ்பீட் பாக்கைக் கைவிடுகிறார்கள். சோதனையில் பாக் நேராக ஆடியது, தடமும் நடுவில் விழுந்தது, ஆனாலும் ஐந்தாவது அடியில் எல்லாம் குழம்புகிறது. இங்கே கண்ணை நம்பாதீர்கள், காதை நம்புங்கள்.

முன்பு நான் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணித்தான் சொல்லிக்கொடுத்தேன். சனிக்கிழமை காலையில் மிருதங்க வகுப்புக்குப் போய்விட்டுப் பின்னேரம் எங்களிடம் வரும் ஒரு பிள்ளை, முதல் நாளே சற்று நேரம் நின்று கேட்டுவிட்டு, "அண்ணா, இது தகிட தானே?" என்றான். அன்றிலிருந்து நான் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்கிறேன். நீங்கள் அடித்ததும் பாக் எதிர்ப்பக்கப் பலகையில் படும், அது 'த'. திரும்பி உங்கள் பக்கப் பலகையில் படும், அது 'கி'. மறுபடி எதிர்ப்பக்கம் போய்ப் படும், அது 'ட'. அங்கிருந்து இறங்கி, நேராகத் தொங்கும் நிலையைத் தாண்டிச் சற்றே உங்களை நோக்கி வரும்போது அடுத்த அடி. ஒரு அடிக்கு மூன்று சத்தம், முதல் சத்தம் பலமாக, மற்ற இரண்டும் மெதுவாக. மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடை அப்படியே.

இப்போது உங்கள் பாக் போடும் சத்தத்தைக் கேளுங்கள். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் இரண்டு சத்தம்தான் கேட்டால், பாக் உங்கள் பக்கப் பலகையில் பட்டு விலகிப் போகும்போது அதைத் துரத்தி அடிக்கிறீர்கள். கைக்குப் பாரம் தெரியாது, அடி வெறுமையாக இருக்கும், பாக் தாறுமாறாக ஓடும். நான்கு சத்தம் கேட்டாலும் அதே கதைதான், தகதிமி இங்கே ஒருபோதும் சரிவராது. ஆனால் ஐந்து சத்தம் சரிவரும். தகதகிட என்று ஐந்தை எண்ணி அடித்தாலும் பாக் உங்களை நோக்கியே வந்துகொண்டிருக்கும். மூன்று பிடிபடாத பிள்ளைகளை இரண்டு நாள் ஐந்தில் விட்டுவிட்டு மூன்றுக்குக் கொண்டுவந்தால் பயமில்லாமல் பழகுகிறார்கள். மொத்தத்தில் ஒற்றை எண் கைகொடுக்கும், இரட்டை எண் குழப்பும்.

ஒரே சத்தத்தோடு பாக் முஷ்டியில் மோதி நின்றுவிடுகிறதா? அடித்த கை மேலேயே நிற்கிறது. 'த' முடிந்து பாக் உங்கள் பக்கம் பாய்ந்து வரும் நேரத்தில் கை அதன் வழியில் இருக்கக் கூடாது. அடித்ததும் முஷ்டி கீழே இறங்கி, நெஞ்சுப் பக்கம் வந்து, மேலே ஏறி, முன்னே போக வேண்டும். காலால் சைக்கிள் மிதிக்கும் சுற்று எந்தத் திசையோ அதே திசை. சுற்று சின்னதாக, தேங்காய் அளவுக்கு இருந்தால் போதும். முழுக் கையையும் பின்னுக்கு இழுத்து வீசினால் 'ட'வுக்குள் வந்து சேர நேரம் இருக்காது. முஷ்டியின் சுண்டுவிரல் பக்கச் சதைதான் பாக்கில் படட்டும், விரல் முட்டியால் குத்துவதைப் பின்னால் பழகலாம்.

பழகும் வரிசை இது. முதலில் முஷ்டியே வேண்டாம், திறந்த உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வாய்விட்டுத் 'தகிட' சொல்லுங்கள், பாக்கைக் கையால் பிடித்து நிறுத்துங்கள். இது சலிக்கும், ஆனாலும் ஒரு நாள் முழுக்கச் செய்யுங்கள். அப்புறம் ஒரே கையால் பத்து அடி. இடது கையில் தொடங்குங்கள், வலது கை தானாகப் பின்தொடரும், இடது கைக்குத்தான் நேரம் தேவை. அப்புறம் இடது இரண்டு, வலது இரண்டு என்று மாற்றி. கடைசியாகத்தான் ஒன்றுக்கு ஒன்று. பலம் வேண்டவே வேண்டாம். பலமாக அடித்தால் பாக் அதே பலத்தோடு வேகமாகத் திரும்பும், மூன்று சத்தமும் ஒன்றாகக் கலந்து கேட்கும், எண்ண முடியாது. எண்ண முடியாத வேகத்தில் பழக முடியாது.

பாக் கண்ணுக்கே பிடிபடாத வேகத்தில் ஓடுகிறது

தொலைக்காட்சியில் பார்த்த சின்னப் பாக்கையே எல்லோரும் முதலில் வாங்குகிறார்கள். சின்னப் பாக்தான் கஷ்டமான பாக். அளவை நீளம், அகலம் என்று அங்குலத்தில் போட்டிருப்பார்கள். 13க்கு 10, 12க்கு 9 பெரியவை, மெதுவாக ஓடும், தோளுக்கு நல்ல வேலை. 11க்கு 8, 10க்கு 7 நடுத்தரம். 9க்கு 6, 8க்கு 5 வேகமானவை, அதற்கும் கீழே வேர்க்கடலை போல ஒன்று இருக்கிறது, அது கை தேர்ந்தவர்களுக்கு. புதிதாகத் தொடங்கும் பெரியவர்களுக்கு 11க்கு 8, பள்ளிப் பிள்ளைகளுக்கு 10க்கு 7 என்று நான் சொல்வேன். பாடசாலைகளின் ஸ்டப்ஸ் ஷீல்ட் போட்டி நெருங்கும் காலத்தில் அவசரப்பட்டு வாங்கிய சின்னப் பாக்குகள் எத்தனையோ அலுமாரிக்குள் தூங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கவலையில்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஏற்கனவே சின்னது வாங்கிவிட்டீர்களா? கொஞ்சம் காற்றை இறக்குங்கள். இரண்டு பெருவிரலாலும் அழுத்தினால் லேசாக உள்ளே போகும் அளவுக்கு வைத்தால் வேகம் குறையும். நடுத்தரப் பாக்கும் அளவுக்கு மீறிக் காற்றடித்தால் இதே மாதிரிப் பறக்கும், தையலும் பிரியும். நண்பகலில் தகரக் கூரைக்குக் கீழே தொங்கும் பாக் காலையில் இருந்ததைவிட இறுகியிருக்கும், சூட்டில் உள்ளே காற்று விரிவதுதான் காரணம். அடிக்கும் நேரத்தில் காற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மந்தமாக, செத்த சத்தத்தோடு ஓடுகிறது

முதலில் காற்று. அது சரியென்றால் பாக்கின் அகன்ற பகுதியைச் சுற்றி வெண்கட்டித் தூள் பூசி ஆட்டிவிட்டு, பலகையில் எந்த இடம் வெள்ளையாகிறது, பாக்கில் எந்த இடத்துத் தூள் போயிருக்கிறது என்று பாருங்கள். அகன்ற பகுதிதான் பலகையில் பட வேண்டும். கழுத்துப் பகுதி பட்டால் பாக் ஸ்விவலோடு நெருங்கித் தொங்குகிறது, அடிப்பகுதி பட்டால் இடையில் சங்கிலி நீளம் கூடிவிட்டது.

அதுவும் சரியென்றால் பலகையைத் தட்டிக் கேளுங்கள். மெல்லிய பலகை தகரம் போல அதிரும், பாக்கின் வேகத்தை அதுவே விழுங்கிவிடும். 24 அங்குல விட்டமும் ஒன்றரை அங்குலத் தடிப்பும் உள்ள பாரமான பலகை வேண்டும். தச்சரிடம் சொல்லி இரண்டு ப்ளைவுட் தட்டுகளைப் பசையிட்டு ஒட்டி அறுத்து எடுப்பதுதான் இங்கே மலிவான வழி.

சுவர் அதிர்கிறது, மேல் வீட்டில் தட்டுகிறார்கள்

கனடாவிலிருந்து மாமா கொண்டுவந்த தாங்கி என்று அழகான சாமான்கள் வருகின்றன. அவை அந்த ஊர் வீடுகளின் மரச்சட்டச் சுவருக்குச் செய்தவை. அங்கே சட்டங்கள் 16 அங்குல இடைவெளியில் நிற்கும், தாங்கியின் துளைகளும் அந்த அளவுக்கே இருக்கும். நம்முடைய சுவர் செங்கல், இல்லாவிட்டால் உள்ளே பொந்து உள்ள சீமெந்துக் கல். சீமெந்துக் கல்லில் பிளாஸ்டிக் ரோல் பிளக் அடித்து மாட்டினால் சில வாரத்தில் துளை பெருத்துத் தாங்கி ஆடத் தொடங்கும். எங்கள் பழைய இடத்தில் ஒரு தாங்கி அப்படியே கழன்று வந்தது, யாருக்கும் அடிபடாதது எங்கள் நல்ல காலம். கொங்கிறீட் தூணோ பீமோ இருக்கும் இடத்தைத் தேடுங்கள். அதில் இரண்டு தடித்த மரச்சட்டங்களை விரியும் இரும்பு போல்ட்டால் இறுக்கி, அந்தச் சட்டத்தில் தாங்கியைப் பொருத்துங்கள். ஜிப்சம் தடுப்புச் சுவரில் மாட்டவே கூடாது.

கொங்கிறீட் பிடியைத் தரும், சத்தத்தையும் கடத்தும். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே பழைய டயரில் வெட்டிய ரப்பர் துண்டு வைத்தால் சத்தம் ஓரளவு அடங்கும். மீதிக்கு மேல் வீட்டு அன்ரியிடம் போய் எந்த நேரம் தொந்தரவில்லை என்று கேட்டுவிட்டு வாருங்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை அங்கே இருந்தால் அந்த மாதம் நிறுத்திவைப்பதுதான் முறை.

நேற்று அடித்த காற்று இன்று இல்லை

பிளாடர் லேடெக்ஸ் என்றால் இது கோளாறே இல்லை. களுத்துறை, கேகாலைப் பக்கம் பால் வெட்டி எடுக்கும் அதே இயற்கை ரப்பர்தான். துள்ளல் நன்றாக இருக்கும், ஆனால் காற்றை மெல்ல மெல்லக் கசியவிடும், அடிக்கடி அடித்துக்கொள்ள வேண்டும். பியூட்டில் ரப்பர் அதிக நாள் பிடித்துவைக்கும். வீட்டுக்கு பியூட்டிலே வசதி.

ஒரு மணி நேரத்தில் இறங்கினால் ஓட்டை. சவர்க்கார நுரையை வால்வில் தடவிப் பாருங்கள். குமிழி அங்கே வந்தால் காற்றடிக்கும் ஊசி கிழித்திருக்கிறது. காய்ந்த ஊசியைக் குத்துவதால் வரும் சேதம் இது. ஊசியைத் தண்ணீரிலோ கிளிசரினிலோ நனைத்து நேராக விடுங்கள். வாசலினோ இஞ்சின் எண்ணெயோ பூசினால் ரப்பர் இளகிப் போகும்.

தோள் எரிகிறது, மணிக்கட்டு வலிக்கிறது

தோள் சதை எரிவது இந்தப் பயிற்சியின் இயல்பு. கையை உயர்த்தியே வைத்திருப்பதால் வருகிறது, ஓய்வெடுத்தால் போய்விடும். முதல் வாரங்களில் மூன்று நிமிடச் சுற்றை நிறைவேற்றப் பார்க்காமல் ஒரு நிமிடம் அடித்து ஒரு நிமிடம் ஓய்வெடுங்கள். தோள் காதுவரை ஏறியிருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள், ஏறியிருந்தால் பாக்கைக் கொஞ்சம் இறக்குங்கள்.

முழங்கை வலித்தால் ஒவ்வொரு அடிக்கும் கையை முழுசாக நீட்டி உதறுகிறீர்கள், பாக்குக்கு இன்னும் கிட்ட நில்லுங்கள். மணிக்கட்டு வலித்தால் முஷ்டி வளைந்து படுகிறது. முன்கையும் முஷ்டியும் ஒரே கோட்டில் இருக்கட்டும், முஷ்டியை மூடுங்கள், ஆனால் நசுக்கிப் பிடிக்காதீர்கள். தோல் உரிந்தால் கைத்துணியைச் சுற்றிக்கொண்டு அடியுங்கள். பெரிய கிளவுஸ் வேண்டாம், பாக்கின் பாரம் கைக்குத் தெரியாமல் போய்விடும். சுண்டுவிரலுக்குக் கீழ் எலும்பில் ஒரு புள்ளியைத் தொட்டால் உயிர் போகிற வலி, வீக்கம் என்றால் அன்றே நிறுத்திவிட்டு எக்ஸ்ரே எடுங்கள். குத்துபவர்களுக்கு எலும்பு முறியும் இடம் அதுதான்.

தோலில் வெள்ளைப் பூஞ்சணம் பூக்கிறது

கொழும்பில் மே மாத மழை தொடங்கினால் தோல் சாமான் எதற்கும் இது வரும். அடித்து முடித்ததும் வியர்வையைக் காய்ந்த துணியால் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள், பையில் மூடி வைக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார்கள், தடவ வேண்டாம், தையல் வழியாக ரப்பருக்கு இறங்கும். கவனிக்க நேரமில்லாதவர்கள் செயற்கைத் தோல் பாக் வாங்குவதில் குறையொன்றும் இல்லை.

பாக் அழகாக ஓடுகிறது, ரிங்கில் குத்துப் படவில்லை

பெற்றோர் அதிகம் கேட்பது இதைத்தான். ஸ்பீட் பாக் தாளத்தைத் தரும், தோள் தளராமல் கையை உயர்த்தி வைத்திருக்கப் பழக்கும், கண்ணையும் கையையும் சேர்த்து இயக்கும். பலமான குத்தை அது தராது, தூரம் கணிக்கவும் பழக்காது. அதற்குக் கனத்த பாக் இருக்கிறது. விலகி ஆடும் இலக்கைக் குத்தப் பழக, தரைக்கும் கூரைக்கும் நடுவே ரப்பர் கயிற்றில் கட்டும் டபுள் எண்ட் பாக் இருக்கிறது. சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடாத வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு பாரம், வேலை முடிந்தது. எங்களிடம் பிள்ளைகள் கனத்த பாக்கில் வேலை முடித்த பிறகு கடைசி இரண்டு சுற்றுத்தான் ஸ்பீட் பாக். களைத்த கையிலும் தகிட குலையாமல் கேட்டால் அடுத்த வாரம் மூன்றாவது சுற்றைச் சேர்க்கிறோம்.